வழித்துணை

என் தம்பி கார் வாங்க என்னிடம் ஐம்பதாயிரம் கடன்பட்டிருந்தான். ஒரே வருஷத்தில் அடைத்தும் விட்டான். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான் நாலு லாரிக்கு முதலாளி ஆனேன் என்றால் காரணம் என் கை தாராளம். அவன் அப்படியில்லை, எச்சில் கையால் காக்கை ஓட்டமாட்டான். கண்ணாடி வெட்டுவது அவன் தொழில். ஜன்னலுக்கு வெட்டி மிஞ்சிய துண்டைக்கூடப் படச்சட்டத்துக்கு ஆக்கிவிடுவான். அந்தச் சிக்கனத்தில்தான் மகளை நர்ஸுக்குப் படிக்க வைத்தான். அதை நான் குறை சொல்லமாட்டேன்.

வருஷத்துக்கு இவ்வளவு என்று கட்டினால், வண்டி நடுவழியில் நிற்கும்போது மெக்கானிக்கை அனுப்பும் திட்டம் ஒன்று உண்டு, பெயர் வழித்துணை. சின்னது, பெரியது என்று இரண்டு வகை. பெரியதில் வீட்டுக்கே வருவார்கள். "என் லாரிக்கெல்லாம் பெருசுதான்டா, நீயும் அதையே எடு" என்றேன்.

"வழியிலதானேண்ணே துணை வேணும்? வாசல்ல நிக்கிற வண்டிக்கு நான் துணை போதாதா?" என்று சிரித்தான். சின்னதை எடுத்தான்.

அவன் மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. மூன்று வருஷம் ஊர்ப் பக்கம் வரமுடியாது. விமானத்துக்குக் கிளம்பும் காலையில் கார் ஒரு இருமல் இருமிவிட்டு அடங்கிப்போனது. தம்பி வழித்துணைக்குப் போன் போட்டான்.

"வண்டி எங்க சார் நிக்குது?"

"வாசல்ல."

"உங்க திட்டத்துல வாசல் வராதுங்க."

"அப்போ மெயின்ரோட்டுக்குத் தள்ளிட்டு வரேம்மா."

"வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டர் தாண்டணும் சார்."

"பத்து கிலோமீட்டர் தள்ளுறவனுக்குக் காரு எதுக்குடா?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. என் நாலு லாரியும் லோடுக்குப் போயிருந்தன. இருந்து என்ன புண்ணியம்?

மகள் டாக்சி பிடித்தாள். "அப்பா, பெட்டியை மடியில வச்சுக்கறேன், நீங்களும் ஏறுங்க."

"நீயும் அம்மாவும் போங்க. வண்டியைச் சரிபண்ணிட்டுப் பின்னாலயே வரேன். அம்மா திரும்ப இன்னொரு டாக்சியா எடுப்பா?"

அந்த ஒரு டாக்சிக் கூலியை மிச்சம் பிடிக்கத்தான் நின்றான். ஏறியிருக்கலாம். பிடித்துத் தள்ளியாவது ஏற்றியிருக்கலாம் நான்.

பக்கத்துத் தெரு மெக்கானிக் குளித்து, சாப்பிட்டு, மெதுவாக வந்தான். பேட்டரி செத்திருந்தது. புதுசு வாங்கி வந்து மாட்டிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"அப்பா, உள்ள கூப்பிடறாங்கப்பா. இவ்வளவு நேரம் வாசல்லயே பாத்துட்டு நின்னேன்."

 "பெல்ட்டு போட்டுக்கம்மா" என்றான் தம்பி.

கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது. தம்பி ஏறவில்லை. "எவ்வளவுப்பா?" என்றான். மெக்கானிக் சொன்ன தொகை அநியாயம். நான் வாயைத் திறந்தேன், தம்பி கையைக் காட்டி என்னை அடக்கினான். பேரம் பேசாமல் அவன் பணம் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. மெக்கானிக்கின் கிரீஸ் அப்பிய உள்ளங்கை விரிந்தபடி இருக்க, நோட்டு நோட்டாக எண்ணி வைத்தான்.