ஜோசெத்தின் வாயில் இன்னொருத்தி

ஒதில் ரூக்கெட் வாயைத் திறந்தால் அவள் எந்த ஊர்க்காரி என்று ஒருவராலும் சொல்ல முடியாது. பிறந்து வளர்ந்ததெல்லாம் பிரான்சின் தெற்குக் கரையில், சேத் துறைமுகத்தில், மீன் ஏலக்கூடத்துக்குப் பின்தெருவில். அப்பா கடலில் சூரை மீன் பிடிக்கப் போனவர். பத்தொன்பது வயதில் பாரிஸுக்குப் போய், சினிமாப் பள்ளியின் நேர்முகத் தேர்வில் உட்கார்ந்து, தான் எடுக்க ஆசைப்பட்ட கதையை ஒரே மூச்சில் சொன்னாள். எதிரே இருந்த பெரிய மனிதர் காதைச் சாய்த்து, "என்ன சொன்னீங்க? புரியலையே" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இவள் பேசியது பிரெஞ்சு, கேட்டவர்களும் பிரெஞ்சுக்காரர்கள். புரியவில்லையாம்!

இடம் கொடுத்தார்கள், பேச்சைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்ற புத்திமதியோடு. பாவி மகள் திருத்திக்கொண்டாள். பல்லிடுக்கில் பென்சிலைக் கடித்துக்கொண்டு, கண்ணாடி முன் நின்று, சேத்தின் இழுப்பையும் ராகத்தையும் நாக்கிலிருந்து சுரண்டி எடுத்தாள். விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். "ரேடியோ செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் சினிமா. முதல் படத்தைப் பத்திரிகைக்காரர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். இரண்டாவது படம் வந்த சுவடு தெரியாமல் போயிற்று. மூன்றாவதுக்கு யாரும் கதவைத் திறக்கவில்லை. டிவிக்கு வந்தாள். துப்பறியும் தொடர், ஆஸ்பத்திரித் தொடர், மறுபடியும் துப்பறியும் தொடர். "ஒதில், பிணத்தை எங்க போடறது?" என்று கேட்கிற உதவியாளர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே தலை நரைத்தது.

அதுவும் பரவாயில்லை, சோறு போட்டது. வயிறு எரிந்தது வேறொன்றுக்கு. அந்தத் தொடர்களில் நீதிபதி பாரிஸ் பேச்சு பேசுவார், டாக்டர் பேசுவார், கொலைகாரன்கூடப் பேசுவான். தெற்கத்திப் பேச்சு யாருக்கு? சாராயக் கடைக்காரனுக்கு. ஆடு மேய்க்கிறவனுக்கு. சிரிப்புக் காட்ட வருகிற குண்டுப் போலீஸ்காரனுக்கு. "ஏன், எங்க ஊர்ப் புள்ள டாக்டருக்குப் படிக்கமாட்டாளா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். ஜோக் சொன்னதாக நினைத்து ஒவ்வொரு தடவையும் சிரிப்பார்கள்.

ஓய்வு பெறுகிற வயது நெருங்கியபோதுதான், சொந்தமாக எழுதிய கதைக்குச் சேனல் சம்மதித்தது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சேத் ஏலக்கூடத்துப் பெண்கள் செய்த வேலைநிறுத்தம். படகு முதலாளிகள் கூலியைக் குறைக்க, பெண்கள் கரையில் வரிசையாக நின்று ஐஸ் வண்டிகளை மறித்த கதை. கதாநாயகியாகப் பெயர்பெற்ற ஒருத்தியைப் போடு என்றார்கள், போட்டாள். ஆனால் முன்னால் நிற்கிற கிழவி வேடத்துக்கு எந்த நடிகையும் ஒட்டவில்லை. கடைசியில் சேத்துக்கு ரயிலேறி, மார்க்கெட்டில் மீன் விற்கிற ஜோசெத் லிகோரி முன்னால் போய் நின்றாள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஜோசெத்தின் அம்மா அன்றைக்கு வண்டி மறித்தவர்களில் ஒருத்தி.

"வாடி பாரிஸ்காரி! என்ன, அங்க மீனெல்லாம் தீந்துபோச்சா?"

"படத்துல நடிக்கிறியாடி?"

"நானா? என் மூஞ்சியப் பாத்தா இந்த மத்தியே எந்திரிச்சு ஓடிரும்." ஜோசெத் சிரித்தாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள். "எங்கம்மா கதையா?"

"ஆமா."

"அப்ப ஒண்ணு சொல்லிப்புடறேன். உன்ன மாதிரி பேசச் சொன்னா எனக்கு வராது."

"உன் பேச்சுக்காகத்தான்டி வந்தேன். அதுல ஒருத்தன் கை வைக்கமாட்டான்."

"சத்தியமா?"

"எங்கப்பா மேல சத்தியம்."

படப்பிடிப்பில் ஜோசெத் முதலாளி முன்னால் நின்று, ஐஸில் வெடித்த கைகளை நீட்டி, "எங்க கையப் பாருங்கய்யா. பாத்துப்புட்டு அப்புறமா கூலியப் பத்திப் பேசுங்க" என்று சொன்னபோது, ஒலிப்பதிவாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டாவது முறை எடுக்கத் தேவையே வரவில்லை.

சேனலில் கதைகளுக்குப் பொறுப்பாளன் திபோ என்கிற இளைஞன். வெட்டி ஒட்டிய படத்தைப் பார்த்துவிட்டு உருகிப்போனான்.

"பிரமாதம் ஒதில்! அந்த மீன்காரம்மா பேசற இடத்துல மட்டும் சப்டைட்டில் போட்டுடலாமே."

"எந்த மொழியில?"

"பிரெஞ்சுலதான்."

"பிரெஞ்சுக்குப் பிரெஞ்சுல சப்டைட்டிலா? அவ என்ன சந்திரமண்டலத்துலயா இருக்கா?"

"கோவப்படாதீங்க. ஜனங்களுக்குப் புரியணுமில்ல."

"நாங்க ஜனங்க இல்லையா?"

சரி, வேண்டாம் என்றான். அத்தோடு விட்டுவிட்டான் என்று நம்பினாள். விடவில்லை, படுபாவி. ஒளிபரப்புத் தேதி விளம்பரமெல்லாம் வந்தபிறகு, ஒலி சேர்க்கிற ஸ்டுடியோவுக்குக் கடைசியாகப் பார்த்துச் சரி சொல்ல வரச் சொன்னார்கள். அந்தக் காட்சி வந்தது. திரையில் ஜோசெத் கையை நீட்டினாள், வாயைத் திறந்தாள். வாயிலிருந்து வந்தது வேறு எவளோ ஒருத்தியின் குரல்.

அந்தக் குரலாவது பாரிஸ் பேச்சு பேசியிருக்கலாம். அதுகூட இல்லை. தெற்கத்திப் பேச்சாம்! விளம்பரத்தில் ஆலிவ் எண்ணெய் விற்கிறவள் குழைவாளே, அந்தக் குழைவு. எந்த ஊரிலும் எந்தப் பெண்ணும் பேசாத பேச்சு. நிஜத் தெற்கத்திக்காரியை வெளியே தள்ளிவிட்டு, அவள் உடம்புக்குள் பொய்த் தெற்கத்திக்காரியைக் குடிவைத்திருந்தார்கள்.

ஒதில் திபோ பக்கம் திரும்பினாள். "யாரு இது?"

"நல்ல டப்பிங் நடிகை" என்றான் திபோ. "அவங்களும் தெற்குதான், பெசியே பக்கம். முதல்ல அவங்க ஊர்ப் பேச்சுலதான் பேசினாங்க. அது சரியா வரல. இன்னும் கொஞ்சம் தெற்கா பேசுங்கன்னு நான்தான் சொன்னேன். இப்ப எவ்வளவு அழகா இருக்கு, பாருங்க!"

ஒதில் எழுந்தாள். அதற்கப்புறம் அவள் வாயிலிருந்து வந்ததை ஒலிப் பொறியாளர் இன்றைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பென்சில் கடித்துத் துரத்திய பேச்சு முழுசாகத் திரும்பி வந்து நின்றது, துறைமுகத்து வசவுகளோடு.

"ஏண்டா, எங்க வாயப் புடுங்கிப்புட்டு எங்களுக்கே பொய் வாயி ஒட்டிவிடறியா? அவங்கம்மா ஐஸுக்குள்ள நின்னு சம்பாதிச்ச பேச்சுடா அது! உனக்குப் புரியலன்னா உன் காதக் கழுவுடா!"

திபோ மலங்க மலங்க விழித்தான். "மன்னிக்கணும்... என்ன சொன்னீங்க?"

"படம் முடியலன்னு சொன்னேன்."

அது சாதாரணச் சொல் இல்லை. இயக்குநர் முடிந்தது என்று சொல்கிறவரை அந்த நாட்டில் படம் முடியாது, சட்டம் அப்படி. அசல் குரலைப் போடு, சொல்கிறேன் என்றாள் ஒதில். போடமாட்டோம் என்றார்கள். இனி எங்கள் சேனலில் உங்களுக்கு வேலை கிடையாது என்றும் சொன்னார்கள். அவள் கோட்டை எடுத்துக்கொண்டு நேரே ரயில் நிலையத்துக்குப் போனாள்.

சேத் மார்க்கெட்டில் அன்று கல்யாணக் களை. ஜோசெத் ஊர் முழுக்கத் தேதியைத் தண்டோரா போட்டிருந்தாள். படம் வருகிற அன்றைக்குக் கடைக்குக் கடை டிவி வைத்து, பேய்க்கணவாய் அடைத்த தியெல் என்கிற ஊர்ப் பலகாரம் சுட்டுத் தின்பதாக ஏற்பாடு. ஒதில் ஜோசெத்தின் கடை முன்னால் நின்று, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். படம் வராது என்றாள்.

ஜோசெத் கையிலிருந்த மீனை முழுதாகச் செதில் எடுத்து, கழுவி, காத்திருந்த பெண்ணிடம் சுற்றிக் கொடுத்தாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

"என் மூஞ்சி நல்லா இருக்காமா?"

"இருக்காம்."

"பேச்சுத்தான் ஆவலையாமா?"

"ஆமாடி."

"எங்கம்மா பேச்சுடி அது" என்றாள் ஜோசெத். சுற்றியிருந்த கடைகளில் கத்திகள் நின்றுவிட்டன. காலி மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறி, ஈரக் கைகள் இரண்டையும் மார்க்கெட்டைப் பார்த்து நீட்டினாள்.

"எங்க கையப் பாருங்கய்யா! பாத்துப்புட்டு அப்புறமா கூலியப் பத்திப் பேசுங்க!"

கூரை வரை கேட்டது. கடைசி மூலையில் வெங்காயம் விற்கிற கிழவர் தொப்பியைக் கழற்றினார். ஒதில் அழுதாள். கூட்டத்தில் ஒருவர்கூட, என்ன சொன்னாய் என்று ஜோசெத்தைக் கேட்கவில்லை.