அஞ்சு மூணுக்குத்தான் ஸ்டார்ட் ஆகும்

நம்புகிறவர்கள் நம்புங்கள், மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். பத்தொன்பது வருடமாக டீசல் வண்டி பிரித்து மாட்டுகிறவன் நான். கண்ணால் பார்க்காததை, கையால் தொடாததைப் பேசி எனக்குப் பழக்கமில்லை. இது நடந்தது. அன்று என்னோடு இருந்த இரண்டு பேரும் இன்றைக்கும் குத்துக்கல் மாதிரி இருக்கிறார்கள். ஒருத்தி என் தங்கை. இன்னொருவர் அவள் புருஷன், என் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை ஆஸ்பத்திரிகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் ஏற்றிப் போகிறவர். மூன்று மாதத்துக்கு முன்னால் பழைய டீசல் பிக்கப் ஒன்று வாங்கினார். குளிர்காலம் பிறந்ததும் தொல்லையும் பிறந்தது. விடிகாலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. இரண்டு தடவை லோடு தாமதமாகிவிட்டது. இன்னொரு நாள் தாமதமானால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள்.

என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். குளிரில் டீசல் பற்ற வேண்டுமென்றால் சிலிண்டருக்குள் சூடு வேண்டும். அதற்குத்தான் ஹீட்டர் பிளக். நான்கையும் கழற்றி பேட்டரியில் வைத்துப் பார்த்தேன். நான்கும் தணலாகச் சிவந்தன. ஆனாலும் மனசு கேட்காமல் நான்கையும் மாற்றினேன். ரிலே, டீசல் ஃபில்டர், பேட்டரி எல்லாம் புதுசு. ராத்திரி முழுக்கப் பட்டறை வாசலில் பனியில் நிறுத்தினேன். காலை ஏழு மணிக்குச் சாவியைத் திருப்பினால், ஒரே அடியில் ஸ்டார்ட்!

மறுநாளே மாப்பிள்ளையின் போன்.

“உங்களக் கண்டா மட்டும் மாமியாரக் கண்ட மருமக மாதிரி அடக்கமா இருக்கு மச்சான். இங்க வந்தா பழைய குருடி கதவத் தொறடிதான்.”

“எத்தன மணிக்குத் தகராறு?”

“நாலே முக்கால் வாக்குல. இருபது நிமிஷம் மல்லுக்கட்டினா அப்புறம் எடுத்துக்குது.”

சரி, அந்த நேரத்துக்கே போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அடுத்த நாள் விடியுமுன்னே தங்கை வீட்டு வாசலில் நின்றேன். மணி 4:38. வாயைத் திறந்தால் மூச்சு புகையாக வந்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. மாப்பிள்ளை டார்ச்சோடு வண்டிக்குப் பின்னால், சைலன்சர் பக்கம் போய் நின்றார். நான் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

4:41. சாவியைத் திருப்பினேன். ஹீட்டர் விளக்கு எரிந்து அணைந்தது. செல்ஃப் அடித்தேன்.

கர்ர்... கர்ர்... கர்ர்...

“புகை வருதா மாப்பிள?”

“சுத்தமா இல்ல மச்சான்.”

இறங்கி பானட்டைத் திறந்தேன். இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்திவிட்டு மாப்பிள்ளையைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். டீசல் பீறிட்டது. டீசல் வருகிறது, சூடு இருக்கிறது, இன்ஜின் சுற்றுகிறது. பற்றாவிட்டாலும் வெள்ளைப் புகையாவது வந்தாக வேண்டும். வரவில்லை. இப்படி ஒரு கோளாறை என் ஆயுசில் பார்த்ததில்லை.

நட்டை இறுக்கினேன். மாப்பிள்ளை மறுபடி பின்னால் போனார். நான் ஏறிக் கதவைச் சாத்தினேன். மணி 4:52.

அப்போதுதான் கவனித்தேன். என் பக்கத்து ஜன்னல் தெளிவாக இருந்தது. பக்கத்து சீட்டின் ஜன்னலில் மட்டும் ஆவி படிந்திருந்தது. உள்பக்கமாக. எட்டித் துணியால் துடைத்தேன்.

மறுபடி படிந்தது.

சின்ன வட்டமாக. மெல்லச் சுருங்கியது... மெல்ல விரிந்தது. யாரோ வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிப்பது போல.

கை தானாகச் சாவிக்குப் போனது. கர்ர்... கர்ர்... நிறுத்தினேன்.

“இன்னொரு தடவ...”

மெல்லிய குரல்.

“இருங்க மாப்பிள, பேட்டரி படுத்துடும்.”

“என்னது மச்சான்?” என்றார் மாப்பிள்ளை. வண்டிக்குப் பின்னாலிருந்து.

மெல்லப் பக்கத்தில் திரும்பினேன்.

பக்கத்து சீட்டின் பெல்ட் தொங்கவில்லை. குறுக்காக மாட்டியிருந்தது. சீட்டோடு படியாமல்... முன்னால் புடைத்துக்கொண்டு.

4:59. வீட்டுக் கதவு திறந்தது. தங்கை இரண்டு டம்ளர் டீயோடு வந்தாள். வாசலில் நின்றபடியே கேட்டாள்.

“ஏண்ணா, அந்தம்மாவுக்கும் டீ எடுத்துட்டு வரவா?”

“எந்தம்மா?”

“உன் பக்கத்துல இருக்காங்களே...”

சொல்லிக்கொண்டே வந்தவள் நின்றாள். டம்ளர்கள் விழுந்தன.

ணங்...

இறங்கப் பார்த்தேன். கால் அசையவில்லை.

“இன்னொரு தடவ...”

காதோரம். ஐஸ் மாதிரி.

திருப்பினேன்.

கர்ர்... கர்ர்... டுபுடுபுடுபு...

ஸ்டார்ட்.

5:03.

பெல்ட் சர்ரென்று உள்ளே போனது. தானாக.

அன்றைய லோடை என் வண்டியில் ஏற்றி அனுப்பினேன். மாப்பிள்ளையின் வேலை தப்பியது. அந்தப் பிக்கப்பில் அவர் அப்புறம் ஏறவே இல்லை. தங்கைக்கு நான்கு நாள் காய்ச்சல்.

வண்டியை விற்றுக் கொடுத்த புரோக்கரிடம் பழைய ஓனரின் நம்பரை வாங்கினேன். அவர் ஒரு தச்சர். “உங்க பழைய வண்டியில ஒரு சின்னப் பிரச்சினைங்க” என்றுதான் ஆரம்பித்தேன்.

“அஞ்சு மூணுக்குத்தானே ஸ்டார்ட் ஆகுது?” என்றார்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

அவரே சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்னால், இதே போலக் குளிர். விடிகாலையில் மனைவிக்கு மூச்சுத் திணறல். தூக்கிவந்து பக்கத்து சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போட்டிருக்கிறார். வண்டி எடுக்கவில்லை. இருபத்திரண்டு நிமிஷம் செல்ஃப் அடித்திருக்கிறார். ஸ்டார்ட் ஆனபோது திரும்பிப் பார்த்தால்... எல்லாம் முடிந்திருந்தது.

“எனக்குக் கேட்டுச்சுங்க,” என்றேன். “‘இன்னொரு தடவ’ன்னு அவங்க சொல்றது.”



“அவளுக்குப் பேச்சு வராதுங்க,” என்றார். “பொறந்ததுலேருந்தே. பதினோரு வருஷம் கூட வாழ்ந்தேன். ஒரு வார்த்த கேட்டதில்ல.”

பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்.

“எப்படிங்க இருந்துச்சு... அவ குரல்?”