நாற்பத்திரண்டாவது புத்தகம்

எங்கள் அக்கா ஒரே வருஷத்தில் நாற்பத்தொரு புத்தகம் படித்தாள். நாற்பத்திரண்டாவதைப் படிக்க விடாமல் செய்தவள் நான்தான். இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு அறுபது வயது ஆக வேண்டியிருந்தது, பாருங்கள்.

ஜெர்மன் சண்டை முடிந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். ஆம்பூரில் ஒரு சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் எங்கள் நைனா மேஸ்திரி. எந்தத் தோல் சுண்ணாம்புத் தொட்டியில் எத்தனை நாள் கிடக்க வேண்டும், எப்போது பட்டைத் தொட்டிக்கு மாற வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். எழுத்து வாசனை கிடையாது. நாட்களை விரல் மடக்கியே நினைவில் வைத்திருப்பார். சுண்ணாம்பில் ஒரு நாள் கூடுதலாகக் கிடந்தால் தோல் கூழாகிவிடும். அதனால் நாள் விஷயத்தில் அவரிடம் யாரும் கெஞ்ச முடியாது. வீட்டிலும் அதே சட்டம்தான்.

அக்காவுக்கு அப்போது பதினைந்து வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் இருந்த வகுப்பு வரைக்கும் படித்து முடித்துவிட்டாள். அங்கிருந்த வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா எங்கள் வீட்டுக்கே வந்து, இவளை வேலூருக்கு அனுப்புங்கள், போர்டிங்கில் தங்கி வாத்தியாரம்மா வேலைக்குப் படிக்கட்டும் என்று கேட்டாள். வீடு தேடி வந்தவளிடம் முடியாது என்று சொல்ல நைனாவுக்கு வாய் வரவில்லை. தந்திரமாக ஒன்று சொன்னார். பள்ளிக்கூட அலமாரியில் இருக்கிற கதைப் புத்தகம் அத்தனையும் இந்த வருஷம் முடிவதற்குள் இவள் படித்து முடித்தால் அனுப்புகிறேன். ஒன்று குறைந்தாலும் தை மாதம் கல்யாணம். எண்ணிப் பார்த்தால் நாற்பத்திரண்டு புத்தகம். தண்ணீர் சுமந்து, சோறாக்கி, பாத்திரம் தேய்த்துவிட்டு எந்தப் பெண் இவ்வளவு படிக்கப் போகிறாள் என்பது அவர் கணக்கு.

அக்கா படித்தாள். அடுப்பை ஊதிக்கொண்டே படித்தாள், கிணற்றடியில் குடத்துக்காகக் காத்து நின்ற நேரத்தில் படித்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபம் முடிந்து வந்ததும் நைனா காலை நீட்டி உட்காருவார். படித்த கதையை அவருக்கு அவள் சொல்ல வேண்டும், அதுதான் பரீட்சை. புளுகினால் பிடித்துவிடலாம் என்று அதே கதையை இரண்டாம் முறையும் சொல்லச் சொல்வார். வேடிக்கை என்னவென்றால், ஆவணி மாதத்துக்குள் மனுஷன் கதைப் பைத்தியமாகிவிட்டார். "அப்புறம் இன்னா ஆச்சு? அந்தக் கெழவி பொழச்சாளா இல்லியா?" என்று வெள்ளிக்கிழமையே நச்சரிப்பார். புத்தகத்துக்கு ஒன்றாகச் சமையலறைச் சுவரில் கரிக்கோடு ஏறிக்கொண்டே போனது. "இன்னா மேஸ்திரி, தோத்துடுவீங்க போல இருக்கே" என்று அம்மா சீண்டுவாள். அவருக்குக் கோபம்கூட வராது.

அந்தக் கோடுகள் ஏற ஏற எனக்குத்தான் பிடிக்கவில்லை. எட்டு வயது எனக்கு. தலை வாரிவிடுவதும் அக்கா, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்காருவதும் அக்கா. ஜெயித்தால் அவள் வேலூருக்குப் போய்விடுவாள். தோற்றால் வீட்டிலேயே இருப்பாள். கல்யாணம் என்ற பேச்சு என் காதில் விழாமலில்லை. கல்யாணம் என்றால் புதுப்பாவாடையும் பிரியாணியும் என்பதற்கு மேல் என் புத்தி ஓடவில்லை. கல்யாணம் ஆன பெண் எங்கே போவாள்? அம்மா எங்கள் வீட்டில்தானே இருந்தாள்!

கிறிஸ்துமஸுக்குள் நாற்பத்தொரு கோடு ஆகிவிட்டது. கடைசிப் புத்தகம் பச்சை அட்டை போட்டது, நல்ல தடிமன். தனியாகக் கப்பலேறிப் போன ஒரு பெண்ணின் கதை. அக்கா பாதி படித்து, அடையாளத்துக்குக் கோழி இறகு ஒன்றைச் செருகி வைத்திருந்தாள். வருஷம் முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது.

மத்தியானம் நைனாவுக்குச் சோறு கொண்டுபோவது என் வேலை. சோற்றுச் சட்டியைச் சுற்றிய துணிக்குள் அந்தப் புத்தகத்தையும் வைத்துச் சுற்றிக்கொண்டு போனேன். ஷாப்பு முற்றத்தில் ஆவாரம்பட்டை மலை மாதிரி குவிந்திருக்கும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த மலை அதே இடத்தில், அதே உயரத்தில் இருந்தது. அதற்குள் கையை விட்டுப் புத்தகத்தைச் செருகினேன். வருஷம் பிறந்ததும் எடுத்துக் கொடுத்தால் போகிறது, அக்கா சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தேன், பாவி.

வீடு இரண்டுபட்டது. அக்கா அரிசிப் பானைக்குள்கூடக் கைவிட்டுத் தேடினாள். அம்மா என்னைப் பிடித்து உலுக்கினாள். "நான் இன்னாத்துக்கு எடுக்கப் போறேன்?" என்று ஓவென்று அழுதேன். அழுகை நிஜமாக இருந்ததால் நம்பிவிட்டார்கள். இரண்டாம் நாள் அக்கா தேடுவதை விட்டுவிட்டாள். சோறு தண்ணீர் இல்லாமல் அந்தக் கரிக்கோடுகளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. ஷாப்புக்கு ஓடினேன்.

மலை அங்கேயே இருந்தது. நான் செருகிய இடத்தில் கையை விட்டேன். முழங்கை வரை, தோள் வரை. பட்டையைத் தவிர ஒன்றுமில்லை. பக்கத்தில் கூடையில் அள்ளிக்கொண்டிருந்த ஆள் சிரித்தான். "இன்னா பாப்பா தேடற? முந்தாநேத்து இருந்த பட்டையெல்லாம் இடிச்சுத் தொட்டில போட்டாச்சு. இது நேத்து வண்டில வந்தது." தினம் அள்ளுவார்கள், தினம் கொட்டுவார்கள் என்பது மேஸ்திரி மகளுக்குத் தெரியவில்லை. புத்தகம் தொட்டிக்குள் போனதோ, யார் வீட்டு அடுப்புக்குப் போனதோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நைனா என் முதுகுத் தோலை உரித்திருப்பார், ஆனால் அக்காவை அனுப்பியிருப்பார்.

வருஷத்தின் கடைசி நாள் மிஸ்ஸியம்மா வந்து, நாற்பத்தொன்று போதாதா என்று மன்றாடினாள். நைனா தலை நிமிரவில்லை. "ஒண்ணு கொறஞ்சாலும்னு சொன்னேன்மா. நாள் போனா தோல் போச்சு." விரல்களை மடக்கி மடக்கிப் பிரித்தார். ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றவில்லை. பள்ளிக்கூடத்துப் புத்தகத்தைத் தொலைத்ததற்காக மிஸ்ஸியம்மா அக்காவைத்தான் கடிந்துகொண்டாள்.

தை மாதம் ஆலங்காயத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஷாப்புக்குப் பட்டை வண்டி ஓட்டுகிற குடும்பம். நான் புதுப்பாவாடை கட்டிக்கொண்டு இரண்டு தரம் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டேன். சாயங்காலம் அக்காவை வண்டியில் ஏற்றியபோதுதான் என் மண்டையில் உறைத்தது. "அக்கா, நீ எங்க போற?" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மூன்று வருஷம் கழித்து இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். அந்த வீட்டில் காகிதம் என்று ஒன்று கண்ணில் படாதாம். இரண்டு பேரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். திடீரென்று கேட்டாள்: "ஏன்டி, அந்தக் கப்பல்ல போன பொண்ணு கடைசியில ஊர் போய்ச் சேந்தாளா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் தொறந்தே பாக்கலியே" என்றேன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு, "மண்ணு ஜாஸ்தியா இருக்கு, இன்னொரு தடவை அலசணும்" என்று கீரையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

தந்திரமாகக் கேட்டு என்னைப் பிடித்துவிட்டாள், அம்மாவிடம் சொல்லப் போகிறாள் என்று அன்று முழுக்க அம்மா கண்ணில் படாமல் திரிந்தேன். சொல்லவில்லை. தப்பித்தேன் என்று விளையாட ஓடிவிட்டேன். அவள் என்னைப் பிடிக்கக் கேட்கவில்லை, எடுத்தவளாவது படித்திருப்பாள் என்று நம்பி அந்தக் கதையின் முடிவைத்தான் கேட்டாள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.