கூவலுக்கு நடுவே ஒரு குங்ஃபூ படம்

திருவனந்தபுரத்தில் படம் பிடிக்காவிட்டால் கூவுவார்கள். ஒருவர் தொடங்கினால் போதும், கொட்டகை முழுக்க ஊளை மாதிரி எழும்பும். திருநெல்வேலியில் விசில் கேட்டு வளர்ந்த எனக்கு இது தெரியாது. பழவங்காடிப் பாத்திரக்கடையில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. இரண்டு மாநிலங்களுக்கும் தண்ணீர்த் தகராறு முற்றியிருந்த நேரம். கடைக்கு வந்த ஒருவர் என் பேச்சைக் கேட்டதும், "பாண்டியாணோ?" என்று தமிழர்களை இளக்காரமாகச் சொல்லும் பெயரால் கேட்டுவிட்டுச் சாமான் வாங்காமலே இறங்கிப் போனார். அதிலிருந்து, வெளியில் தமிழ் பேசாதே என்று என் மனைவி செல்வியிடம் சொல்லி வைத்திருந்தேன்.

"வீட்டுக்குள்ளயே கெடந்து பைத்தியம் பிடிக்கி" என்று அவள்தான் மேட்னிக்கு இழுத்துப் போனாள். தமிழில் டப் செய்த குங்ஃபூ படம். அடிக்குப் பயந்து நடுங்கும் ஒரு சலவைக்காரன். அவன் நடுக்கத்தாலேயே எதிரிகளின் உதை குறி தவறிப்போகும். செல்வி வாய்விட்டுச் சிரித்தாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. வசனமெல்லாம் மெட்ராஸ் பாஷை, அதுவும் படுவேகம். திடீரென்று பின்னாலிருந்து கூவல் எழுந்தது. யாரோ நாற்காலியை உதைத்தார்கள். தமிழ்ப் பேச்சுக்குத்தான் கொதிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"ஏங்க, சண்டையா? எந்திரிச்சிப் போயிருவோமா?"

"மெதுவாப் பேசு."

அதற்குள் பின்சீட்டிலிருந்து ஒரு கனத்த கை என் தோளில் விழுந்தது. திரும்பினேன். பெரிய மீசைக்காரர்.

"தமிழனாணல்லே?"

ஆமென்று தலையை ஆட்டினேன்.

"அவன்மார் எந்தினா சிரிக்குந்நே? ஒந்நு பறயூ."

திரையில் ஏன் சிரிக்கிறார்கள் என்று கேட்கிறார். அந்த மெட்ராஸ் பாஷை எனக்கும் புரியவில்லை. அதைச் சொன்னால் கோபப்படுவாரோ என்ற பயத்தில், உன் கால் வருமுன்னே அதன் நாற்றம் வந்துவிட்டதாம் என்று அரைகுறை மலையாளத்தில் இட்டுக்கட்டினேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்துப் பக்கத்து ஆளுக்குச் சொன்னார். அடுத்த வசனத்துக்கும் தோளைத் தட்டினார். வரிசைக்கு வரிசை என் பொய் பரவியது. கூவல் அடங்கிச் சிரிப்பு கிளம்பியது. செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். படத்துக்குச் சிரிக்கிறார்களா, என் மலையாளத்துக்கா என்று தெரியாமல் கடைசிவரை நடுங்கிக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தேன்.

படம் விட்டதும் மீசைக்காரர் எங்களுக்கு முன்னால் போனார். வாசலில் நின்ற டிக்கெட் கிழிப்பவரிடம் என் பக்கமாகக் கை காட்டி, "இது நம்ம ஆளா, கேட்டா" என்றார். நம்ம ஆள் என்று எனக்குப் பின்னால் வரும் யாரையோ சொல்கிறார் என்று நினைத்து, அவருக்கு வழிவிடுவதற்காகச் செல்வியின் கையைப் பிடித்து அவசரமாக ஓரம் ஒதுங்கினேன். பின்னால் யாரும் வரவில்லை.