குடும்பத் தலைவர் என்ற கட்டம்

பரமேஸ்வரி அக்கா போய்விட்டார் என்ற செய்தி எங்கள் ஈப்போ சமூகநல அலுவலக வாட்சாப் குழுவில் வந்ததும், கைகூப்பிய படங்கள் வரிசையாக விழுந்தன. அவற்றில் பாதி, அக்காவை முதுகுக்குப் பின்னால் வாயாடி என்றவர்கள் போட்டவை. எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. அவரோடு வேலை செய்த உங்களுக்கு அது புரியும்.

கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது, குடும்பத் தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் உணவுக்கூடை என்று ஒரு விண்ணப்பப் பாரம் தயாரித்தோம். கோப்பெங் பக்கம், மூடிப்போன ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில் மூன்று பிள்ளைகளோடு இருந்தார் லெட்சுமி. புருஷன் வேறொருத்தியோடு லூமுட்டுக்குப் போய் ஐந்து வருடம். பதிவில் இன்னும் அவன்தான் தலைவர். லெட்சுமியின் பாரம் இரண்டு தடவை திரும்பிப் போனது.

"அவன் சைன் இல்லாட்டி சிஸ்டத்துல ஏறாது லா," என்றார் எங்கள் தலைமை அதிகாரி.

"அப்ப சிஸ்டத்துக்குத்தான் பசிக்குதா?" என்று கேட்டார் அக்கா.

அந்த வாரமே, பெண்கள் நலம் பற்றி அதிகாரிகளுக்குப் பயிற்சி நடத்தும்படி மேலிடம் அக்காவைப் பணித்தது. படம் காட்டுவார், கறிபாப் தின்றுவிட்டுப் போகலாம் என்று எல்லாரும் முகக்கவசத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். அக்கா ஆளுக்கொரு பாரம் கொடுத்தார்.

"இன்னிக்கு நீங்க எல்லாரும் லெட்சுமி. நிரப்பிட்டா சாப்பிடப் போலாம்."

குடும்பத் தலைவர் கையெழுத்துக் கேட்ட மூன்றாவது வரியைத் தாண்ட ஒருவராலும் முடியவில்லை. தலைமை அதிகாரி மட்டும் சட்டென்று நிரப்பி நீட்டினார். வாழ்நாள் பழக்கம், தலைவர் கட்டத்தில் தன் பெயரையே எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

அக்கா அதைத் தூக்கிக் காட்டினார். "பாஸ், லெட்சுமிய எப்பக் கட்டினீங்க?"

சாப்பாடு ஆறும்வரை யாரையும் அவர் விடவில்லை. அன்று மாலைக்குள் அந்தக் கட்டம் நீக்கப்பட்டது. நான்காம் நாள் லயத்துக்குக் கூடை போனது. அடுத்த மாதம் அக்காவைப் பழைய கோப்புகள் அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயே வைத்திருந்தார்கள்.

நேற்று, டெங்கிக் காய்ச்சல் உதவிக்கான புதுப் பாரம் என் ஒப்புதலுக்கு வந்தது. மூன்றாவது வரியில் அதே கட்டம். அக்காவின் அஸ்தியைக்கூட இன்னும் கரைக்கவில்லை. குறுக்கே கோடு போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கோபத்தை மட்டும்தான். நாளை இரங்கல் கூட்டத்தில், அவர் பொறுமைசாலி என்று யாரும் பேச வேண்டாம். அவர் பொறுத்துப் போயிருந்தால், லெட்சுமியின் பிள்ளைகள் பட்டினி கிடந்திருப்பார்கள்.