கொள்ளேகால்–மைசூரு சாலையில் லேசர் கருவியும் என் குறிப்பேடும்

15-3-1998, ஞாயிறு, காலை மணி 6.10
தேவராஜ மொஹல்லா, மைசூரு

1. புறப்பாடும் வழியும்

கண் மருத்துவர் நேற்று, 14-ஆம் தேதி, காலை 9.30-க்கு வரச் சொல்லியிருந்தார். ஆகவே கொள்ளேகாலில் வாடகைக் கார் அமர்த்தி 7.10-க்குப் புறப்பட்டேன். தூரம் 61 கிலோமீட்டர், வாடகை ரூ. 480. ஓட்டுநர் முருகேசன், ஹனூர்க்காரர். இன்னொரு அபராத ரசீது வந்தால் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிடுவதாக உரிமையாளர் சொல்லியிருப்பதாகப் புறப்படும்போதே தெரிவித்தார்.

நரசீபுரத்தில் சிற்றுண்டிக்கு இருபது நிமிடம் சென்றது. (இட்லி நன்று, சட்னி நீர்த்திருந்தது.)

2. நிறுத்தப்பட்டது

மைசூருவை நெருங்குகையில், 8.52-க்குப் போலீசார் கை காட்டினர். உதவி ஆய்வாளர் ஒருவர் கையில் லேசர் கருவி வைத்திருந்தார். தொலைவிலிருந்தே ஒளிக்கற்றையை வண்டிமேல் செலுத்தி வேகத்தை அளப்பது அது. அதில் 62 என்று தெரிந்தது. அங்கே அனுமதி 40.

“சார், எங்கள முந்திக்கிட்டு ஒரு வேன் போச்சுங்களே, அதுதானுங்க அது!” என்றார் முருகேசன்.

அவர் சொன்னது உண்மை. மைல்கல்தோறும் நேரம் குறிப்பது என் வழக்கம். கடைசிக் கிலோமீட்டருக்கு 1 நிமிடம் 32 விநாடி, அதாவது 40-க்கும் குறைவு. குறிப்பேட்டை அவரிடம் நீட்டினேன்.

உதவி ஆய்வாளருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எண்களைப் பார்த்துத் தலையசைத்தவர், தாமே முந்தைய பக்கத்தைத் திருப்பினார்.

“ஸ்வாமி, இங்கே நாற்பத்தெட்டு விநாடி. எழுபத்தஞ்சு ஆச்சே! அங்கே எழுபத்தஞ்சு போனவன் இங்கே அறுபத்திரண்டு போகமாட்டானா?”

அந்த எண்ணுக்குக் கீழே என் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘மருத்துவருக்கு நேரமாகிறது, விரைந்து ஓட்டச் சொன்னேன்.’ முருகேசன் என் முகத்தைப் பார்த்தார். நான் அதைப் படித்துக் காட்டவில்லை. மணி 9.04 ஆகியிருந்தது.

அபராதம் ரூ. 100-ஐ நான் செலுத்தினேன். ரசீது முருகேசன் பெயரில் எழுதப்பட்டது.

“மெஷினு பரவால்லீங்க சார், ஒரு எடத்துலதான் புடிக்குது. உங்க நோட்டு வழி பூராப் புடிக்குதுங்க,” என்றார் கிளம்பும்போது. மருத்துவமனை வாசலில் 9.27-க்கு இறங்கினேன்.

3. வருவோர் கவனத்திற்கு

இவ்வழியே வருவோர் 6.30-க்கே புறப்படுவது உத்தமம். நகர எல்லைக்கு முன்பிருந்தே வேகத்தைக் குறைத்துக்கொள்ளச் செய்யவும். வேகம் பயணி சொல்லி நேர்ந்ததாயின், அதை உரியவரிடம் அங்கேயே சொல்லிவிடுவது முறை. பன்னிரண்டு நிமிடம் அவகாசம் இருந்தும் நான் சொல்லவில்லை.

இணைப்புகள்:
(அ) குறிப்பேட்டின் 6, 7-ஆம் பக்கங்களின் நகல்.
(ஆ) அபராத ரசீதின் நகல்.
(இ) 6-ஆம் பக்கத்தின் கடைசி வரிக்குக் கன்னட மொழிபெயர்ப்பு, என் கையொப்பத்துடன். மூலப்படி நேற்று 12.40-க்குப் பதிவுத் தபாலில் கார் உரிமையாளருக்கு அனுப்பப்பட்டது. பதிலை எதிர்பார்க்கிறேன்.