ரிசல்ட் கேட்டு வருகிறவர்கள்

கம்ப்யூட்டர் செத்துப்போன அன்று காலை நான் முதலில் செய்த காரியம் அதைத் திட்டியதுதான். "இத்தன வருசம் இருந்துபோட்டு இப்பத்தான் போவோணுமா, சனியனே" என்று சத்தமாகவே சொன்னேன். சத்தமாகச் சொன்னால்தான் என்ன, அந்த அறையில் கேட்பதற்கு ஆள் ஏது?

நாமக்கல் பக்கம் கோழித்தீவனம் அரைக்கும் மில் ஒன்றில் ஆய்வகம் என் பொறுப்பு. ஒரு காலத்தில் மூன்று பேர் இருந்தோம். ஒருத்தி கல்யாணமாகி ஓசூர் போனாள். பெரியவர் ஒருவர் ஓய்வு பெற்றார். அவர்கள் இடத்துக்கு யாரையும் போடவில்லை. நானும் ஒரு மெஷினும் மிஞ்சினோம். லாரியில் வரும் மக்காச்சோளத்தில் பூஞ்சை நஞ்சு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிற மெஷின் அது. சோளத்தை அரைத்து, மெத்தனாலில் குலுக்கி, வடிகட்டி, ஊசியால் உள்ளே செலுத்தினால் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடு ஊர்ந்து வரும். நஞ்சு இருந்தால் கோடு ஓரிடத்தில் எழும்பி இறங்கும். எழும்பியது எவ்வளவு என்று சாஃப்ட்வேர் கணக்குப் போட்டுச் சொல்லும். அளவு மீறினால் லோடு வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். மீறியதைத் தீவனத்தில் கலந்துவிட்டால் கோழி முட்டையைக் குறைத்துவிடும். அப்புறம் பண்ணைக்காரர்கள் மில் கேட்டில் வந்து நின்று பேசுகிற பேச்சைக் காதுகொடுத்துக் கேட்க முடியாது.

அதனால் ரிசல்ட் தெரிகிறவரை எந்த டிரைவரும் தார்ப்பாயை அவிழ்க்க முடியாது. வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் டீக்கடையில் நிற்பார்கள். பொறுமை போனதும் மாடிப்படி ஏறி என் அறை வாசலுக்கு வருவார்கள். "ஏனுங்கம்மிணி, ரிசல்ட்டு வந்துருச்சுங்களா?" என்பார்கள். "இன்னும் ஆகுலீங்க" என்பேன். உடனே போய்விட மாட்டார்கள். வாசலை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். அதில் உட்கார்ந்து முதுகுவலி, டோல்கேட், நர்சிங் படிக்கிற மகள், பொண்ணு அமையாத தம்பி என்று ஆரம்பிப்பார்கள். சங்ககிரிக்காரர் ஒருவர் இருந்தார், வாய் ஓயாத மனிதர். "உங்க மெசினு கோழியக் காட்டியும் மெதுவா முட்ட போடுதுங்கம்மிணி" என்று ஒவ்வொரு தடவையும் அதையே சொல்வார். ஒவ்வொரு தடவையும் நான் சிரிப்பேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு நாளில் எனக்கு வாய்க்கிற பேச்சே அவ்வளவுதான். வீடு ஆட்டையாம்பட்டியில். அம்மா போனபிறகு தனிக்கட்டை. கல்யாணம் அமையவில்லை. ஏன் அமையவில்லை என்று கேட்டுக் கேட்டு உயிரை எடுத்தவர்கள்கூட இப்போது கேட்பதை விட்டுவிட்டார்கள். விட்டது நிம்மதி என்றுதான் முதலில் நினைத்தேன். சாயங்காலம் கதவைத் திறந்து உள்ளே போனால் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம்தான் வா என்று கூப்பிடும். மறுநாள் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போடும்போதுதான் என் குரல் எனக்கே கேட்கும்.

கம்ப்யூட்டர் போன சேதி கேட்டு முதலாளி மாடிக்கு வந்தார். என்னைவிடச் சின்னவர், நல்ல மனிதர். மெஷினைச் சுற்றிப் பார்த்தார். "எதுக்குங்க மேடம் இந்தப் பாடு? சேம்பிள வெளி லேபுக்கு அனுப்பிக்கலாமுங்க. நீங்களும் எத்தன நாளைக்குத்தான் இந்த மருந்து வாடையிலயே கெடப்பீங்க? ஊட்டுல ரெஸ்ட்டா இருக்கலாமில்லீங்க" என்றார். என்மேல் அக்கறைப்பட்டுத்தான் சொன்னார். வீட்டில் ரெஸ்ட்! அந்த வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தள்ளுவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும். "ஒரு புது கம்ப்யூட்டர் மட்டும் குடுங்க சார், நான் ஓட்டிக் காட்டறேன்" என்றேன். எப்படி ஓட்டுவேன் என்று எனக்கே தெரியாது. கம்ப்யூட்டர் வாங்கித் தருகிறேன், புதுச் சோளம் வரத்து முடிகிறவரை பார்ப்போம் என்றார். அதற்குள் ஓடாவிட்டால் அறையைப் பூட்டிவிடுவார்கள்.

மெஷின் விற்ற கம்பெனிக்குப் போன் செய்தேன். எடுத்த பெண், "அந்த மாடலுக்கு சப்போர்ட் நிறுத்திட்டோம் மேடம்" என்றாள். "நீங்க நிறுத்திட்டீங்க, மெஷின் இன்னும் நிக்கலியேம்மா" என்றேன். அழைத்ததற்கு நன்றி சொல்லி வைத்துவிட்டாள். சாஃப்ட்வேர் இருந்த பழைய சீடியை எடுத்துக்கொண்டு சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் சீடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புது கம்ப்யூட்டர்ல இதப் போடறதுக்கு எடமே இல்லீங்கக்கா" என்று சிரித்தார். பென்டிரைவில் ஏற்றித் தந்தார். மில்லுக்கு வந்து போட்டால், இந்தக் கம்ப்யூட்டரில் இது ஓடாது என்று ஒரே வரியில் முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லிவிட்டது.

பிறகு இன்டர்நெட்டில் தேடினேன். எந்த நாட்டிலோ ஒருவன் இதே மெஷின், இதே சாஃப்ட்வேர், இதே சிக்கல் என்று பல வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தான். எனக்குக் கூடப்பிறந்தவனைக் கண்ட மாதிரி இருந்தது. கீழே கடைசியில் அவனே, "சரியாகிவிட்டது, நன்றி" என்று எழுதியிருந்தான். அவ்வளவுதான். அடப்பாவி, எப்படிச் சரியானது என்று சொன்னால் வாய் வெந்தா போகும்? அன்றைக்கு அவனைத் திட்டிய திட்டு அவன் நாட்டுக்கே கேட்டிருக்கும். மறுநாள் அவனுக்கு ஒரு கடிதம் எழுதினேன், பதில் இல்லை.

வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் ஒரு வழி பிடிபட்டது. புதுக் கம்ப்யூட்டருக்குள்ளேயே பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருப்பதுபோல ஏமாற்றுகிற ஒரு புரோகிராம். அதை ஏற்றினேன். புதுத் திரைக்குள் ஒரு சின்னக் கட்டம் திறந்து, அதில் செத்துப்போன கம்ப்யூட்டரைத் திறந்ததும் தெரிகிற அதே பச்சைப் புல்மேடும் நீல வானமும் வந்து நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்குப் போய் அழுவாளா என்று கேட்பீர்கள். கேளுங்கள், அழுதேன்.

சாஃப்ட்வேர் திறந்தது. ஆனால் மெஷின் எங்கே என்று கேட்டது. "கருவி கிடைக்கவில்லை." பக்கத்திலேயே ஆள் உயரத்துக்கு நிற்கிறது, கிடைக்கவில்லையாம்! மெஷினிலிருந்து வருகிற பழைய வயருக்குப் புதுக் கம்ப்யூட்டரில் துளை கிடையாது. அதற்கு ஒரு கன்வெர்ட்டர் வாங்கினேன். போர்ட் நம்பரை மாற்றினேன், வேகத்தை மாற்றினேன், கன்வெர்ட்டரையே மாற்றினேன். கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை என்று அது ஒரே பாட்டு.

இதற்குள் புதுச் சோளம் வரத் தொடங்கிவிட்டது. சேம்பிள்கள் என் அறையைத் தாண்டி நேராகக் கூரியரில் வெளியூர் போயின. ரிசல்ட் வர நாளானது. டிரைவர்கள் லாரிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்துக் கிடந்தார்கள். ஜன்னலில் நின்று பார்ப்பேன். ஒருவரும் மேலே ஏறி வரவில்லை. ஏறி வந்து கேட்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது?

ஒருநாள் மதியம், இனி முடியாது என்று தோன்றியது. முதலாளியிடம் சொல்லிவிடலாம் என்று எழுந்தவள், போகிற போக்கில் வயரைச் சுருட்டி வைப்போமே என்று கழற்றினேன். கையில் சந்தன வாசனை அடித்தது.

ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். ஆயுத பூஜை! வருஷா வருஷம் மில் முழுக்க, எடைமேடையிலிருந்து அரவை மெஷின்வரை லோடுமேன்கள் பொட்டு வைத்துக்கொண்டு வருவார்கள். ஆய்வகத்துக்கு மட்டும் நான்தான் வைப்பேன், வேறு யாரையும் விடமாட்டேன். மற்றவர்கள் மெஷினின் முகத்தில் வைப்பதோடு நிறுத்துவார்கள். நான் விடுவேனா? முன்னால் மட்டும் வைத்தால் பின்பக்கத்துக்குக் கோபம் வராதா என்று, வயர் கம்ப்யூட்டரோடு சேருகிற இடத்திலும் சந்தனத்தைக் கட்டியாக அப்பி, அதன்மேல் குங்குமமும் வைப்பேன். இத்தனை வருஷத்துப் பக்தி அங்கே அடைபோல ஏறியிருந்திருக்கிறது. செத்த கம்ப்யூட்டரிலிருந்து வயரைப் பிடுங்கியபோது அது உதிர்ந்து, வயர் முனையிலிருந்த பொடித் துளைகளுக்குள் போய் அடைத்துக்கொண்டுவிட்டது. சாஃப்ட்வேரை உருட்டிப் புரட்டிக்கொண்டிருந்தேனே தவிர, அந்த முனையை ஒருதடவை திருப்பிப் பார்க்கவில்லை.

பையிலிருந்த தையல் ஊசியை எடுத்து ஒவ்வொரு துளையாகக் கிளறினேன். மெத்தனால் தொட்ட பஞ்சால் துடைத்தேன். காய்ந்ததும் செருகினேன். மெஷின் 'பீப்' என்றது. எத்தனை நாளாயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு! திரையின் ஓரத்தில் கோடு மெல்ல ஊரத் தொடங்கியது.

வராந்தாவுக்கு ஓடிவந்து, "ஓடுதுங்க! ஓடுதுங்க!" என்று கத்தினேன். கீழே மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஒருவர் அண்ணாந்து பார்த்தார். "என்னுங்க ஓடுது? பாம்புங்களா?" என்றார். "ஒண்ணுமில்லீங்க, நீங்க வேலையப் பாருங்க" என்று உள்ளே வந்துவிட்டேன். சொல்வதற்கு வேறு யாரும் இல்லை. மெஷினிடமே சொன்னேன்.

முதலாளிக்கு ஒரே சந்தோஷம். "பரவால்லீங்களே மேடம், சாதிச்சுப்போட்டீங்க" என்றார். லேப் இருக்கும் என்றார். கிளம்பும்போது வாசலில் நின்று, "ஏனுங்க, புது கம்ப்யூட்டர்லதான் நெட் இருக்குதே, ரிசல்ட்ட அப்படியே எல்லாத்து போனுக்கும் போறாப்பல பண்ண முடியுமுங்களா? டிரைவருக படியேறி எறங்கற வேலை மிச்சமுங்க" என்று கேட்டார். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. இது ஒரு பெரிய வேலையா என்று சாயங்காலத்துக்குள் செய்து முடித்துவிட்டேன். கோடு இறங்கி முடிந்த கையோடு ரிசல்ட் டிரைவர், கேட்டுக்காரர், முதலாளி எல்லோர் போனுக்கும் போகும்படி நானே என் கையால் செய்து வைத்தேன்.

அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை.

முதல் சில நாட்கள் எனக்கு உறைக்கவேயில்லை, அவ்வளவு வேலை. அப்புறம்தான் ஜன்னல் பக்கம் போய் நிற்க ஆரம்பித்தேன். கீழே டிரைவர்கள் போனைப் பார்ப்பார்கள், தார்ப்பாயை அவிழ்ப்பார்கள், இறக்குவார்கள், போவார்கள். சங்ககிரிக்காரர் ஒருநாள் கீழே இருந்தபடியே போனைத் தூக்கிக் காட்டி, "வந்துருச்சுங்கம்மிணி!" என்று கையாட்டிவிட்டுப் போனார். நானும் கையாட்டினேன். அவர் போனபிறகு அந்த நாற்காலியைப் பார்த்தேன். அதன்மேல் சோளத் தூசி படிந்திருந்தது. அழுகையைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. யார்மேல் ஆத்திரப்படுவது? ஓட்டியது நான், அனுப்பியதும் நான்.

போன வாரம் நெட் வயர் கழன்று கிடந்தது. கழற்றியது யார் என்று கேட்காதீர்கள். கோடு எழும்பாமல் நேராக ஓடி முடிந்திருந்தது, சுத்தமான சோளம். ரிசல்ட் திரையிலேயே நின்றது, எங்கும் போகவில்லை. நான் நாற்காலியை ஈரத்துணியால் துடைத்தேன். காத்திருந்தேன். வெகுநேரம் கழித்துப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சங்ககிரிக்காரர்தான், மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்கம்மிணி, போன்ல ஒண்ணையும் காணமுங்க. ரிசல்ட்டு வந்துருச்சுங்களா?"

திரையை என் முதுகால் மறைத்துக்கொண்டேன்.

"இன்னும் ஆகுலீங்க" என்றேன். "கொஞ்சம் உக்காருங்க."